ஒருமுறை போதும்

ஜூலை 31, திங்கள்

மதுரைக்குப் போகச் சொல்கிறார்கள். ரெஜினால்ட் தன் அறைக்குக் கூப்பிட்டு, பதவி உயர்வு கொடுக்கிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கோதை, மூணு வாரம் அங்க உக்காந்து பாருங்க. உங்க டூல் சென்னையில எல்லாருக்கும் வேலை செய்யுது. மதுரைல மட்டும் ஒரு அப்டேட் அனுப்ப ஏன் இவ்ளோ இழுக்கறாங்க? அனுப்பற பொண்ணு அங்கயற்கண்ணி. அந்த வேலை அவங்க கையிலயே இருக்கட்டுமா, இங்க கொண்டு வந்துடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு."

ஏன் இழுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் எதற்கு? நான் இங்கிருந்தே சொல்வேன். அவர்கள் வைத்திருப்பது விண்டோஸ்.

அந்த டூல், முறம், என்னுடைய சொந்தச் சரக்கு. ஒரு வரி விடாமல் நானே எழுதியது. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து எண்டர் தட்டினால் போதும். எழுதிய புரோகிராமில் குப்பையைப் புடைத்துத் தள்ளிவிட்டு, வாடிக்கையாளருக்குப் போக வேண்டியதை மட்டும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும். லினக்ஸில் எழுதி லினக்ஸில் சோதித்தேன். மதுரைக்காரர்கள் கெஞ்சியதால், போனால் போகிறது என்று விண்டோஸிலும் ஓடும்படி செய்து கொடுத்தேன். அதற்கு நன்றியாக அங்கிருந்து வருவதெல்லாம் புகார். புகாரின் முதல் வரியில் விண்டோஸ் என்ற சொல்லைப் பார்த்தால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை. 'லினக்ஸுக்கு மாறவும்' என்று எழுதி மூடிவிடுவேன். எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கிறது என்று யாரும் பாராட்டியதில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கே.கே. நகரில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மாடியில் கிளை அலுவலகம். படியேறும்போதே பஞ்சு மூக்கில் ஏறியது. கிளைப் பொறுப்பாளர் நாகேந்திரன் கைகூப்பி வரவேற்று, உட்காரும் முன்னே ஜிகர்தண்டா சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ரயில் நிலையத்தில் ஆட்டோக்காரரும் லாட்ஜில் பையனும் இதையே கேட்டாயிற்று. இந்த ஊரில் வேறு பேச்சே கிடையாது போலிருக்கிறது.

எல்லாக் கம்ப்யூட்டரும் விண்டோஸ். போதாக்குறைக்கு ஒவ்வொன்றிலும் ஆன்டிவைரஸ் மூலையில் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கிறது. மானிட்டர் நெற்றியில் போன வருஷத்து ஆயுதபூஜைச் சந்தனம் காய்ந்து போயிருக்கிறது. சந்தனம் வைத்தால் வேகமாக ஓடும் என்று நினைக்கிறார்கள் போல.

அங்கயற்கண்ணியைப் பார்த்தேன். முப்பதுக்குள் இருக்கும். எல்லோரும் அங்கை என்கிறார்கள். எழுந்து நிற்கவும் இல்லை, அலட்சியமாக இருக்கவும் இல்லை. "இங்கிட்டு உக்காருங்க மேடம், ஃபேன் இங்கதான் வரும்" என்று தன் நாற்காலியைத் தள்ளினாள். வேலையைச் செய்து காட்டச் சொன்னேன். முறத்தை ஓட்டினாள். 'முடிந்தது' என்று திரையில் வந்தது. உடனே மறுபடியும் அதே கமாண்டை ஓட்டினாள். மறுபடியும் 'முடிந்தது'.

"எதுக்கு ரெண்டு தடவை?"

"இங்க அப்படித்தான் மேடம். மொத தடவ கேக்காது."

"கேக்காதுன்னா?"

"முடிஞ்சதுன்னு சொல்லும். ஆனா முடிஞ்சிருக்காது."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 2, புதன்

லாட்ஜில் வெந்நீர் வரவில்லை. கேட்டால், "மதுரைல எதுக்கு மேடம் வெந்நீர்" என்கிறான்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பாதிப் பேர் லீவு. இருந்த பாதிப் பேரைச் சுற்றி வந்து பார்த்தேன். அங்கை மட்டுமில்லை, இந்தக் கிளையில் எல்லோருமே முறத்தை இரண்டு தடவைதான் ஓட்டுகிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள். நாகேந்திரன் அதைப் பெருமையாக வேறு சொன்னார்: "ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு நமக்கு மேடம்." படித்தவர்கள்தான், டிகிரி சுவரில் தொங்குகிறது. பூனை குறுக்கே போனால் திரும்பி நடக்கிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அங்கையை அழைத்து ஆதாரம் கேட்டேன். ஒருமுறை ஓட்டிவிட்டு, பொட்டலம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். ஃபைலின் நேரம் பழையதாகத்தான் இருந்தது. திரை புதுப்பிக்கப்படாமல் இருக்கும், விண்டோஸின் வழக்கமான அழகு அது, என்று விளக்கினேன். பிறகு நானே அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒருமுறை ஓட்டினேன். பொட்டலம் சரியாக வந்தது, நேரமும் புதிது.

"அது நான் ஓட்டுனதுக்கு அப்புறம் ஓட்டுனது மேடம். உங்களோடது ரெண்டாவது தடவ."

என்ன சாமர்த்தியம். என் கையால் ஓடினால் அதுகூட அவள் கணக்கில் இரண்டாவது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் லேப்டாப்பில் முதல் தடவையே கச்சிதமாக வருகிறது என்பதையும் காட்டினேன். பார்த்தாள். "அது லினக்ஸ்" என்றாள். நான் சொல்ல வேண்டிய வசனம் அது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இந்தப் பழக்கத்தைப் பேசித் தீர்க்க முடியாது. முறத்திலேயே வழி செய்துவிட்டேன். ஒரு பொட்டலத்தைக் கட்டியபின் அதையே மறுபடி கட்டச் சொன்னால், இனிமேல் மறுத்துவிடும். 'ஒருமுறை போதும்' என்று திரையில் வரும். அந்த வாசகம் எழுதும்போது ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

மாலை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். அங்கை பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், போன வருஷமே இத எழுதி அனுப்புனேன். படம்லாம் புடிச்சுப் போட்டேன். லினக்ஸுக்கு மாறவும்னு பதில் வந்துச்சு."

"மாறுனீங்களா?"

"நாங்க புரோகிராம் குடுக்கற கல்யாண மண்டபத்துக்காரங்க எல்லாரும் விண்டோஸ்லதான மேடம் வச்சிருக்காங்க. நாங்க அதுலதான சோதிச்சுப் பாக்கணும்."

பதிலுக்குப் பதில் பேசுவதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கிளையின் பெரிய வாடிக்கையாளர்கள் கல்யாண மண்டபத்துக்காரர்கள். தேதி பதிவு செய்ய இவர்கள் எழுதிய புரோகிராமைத்தான் தென் மாவட்டம் முழுக்க வைத்திருக்கிறார்களாம். அதில் ஒரு ஓட்டை. கவுண்டரிலும் இணையத்திலும் ஒரே சமயத்தில் பதிந்தால், ஒரே நாளுக்கு இரண்டு கல்யாணத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறது. அங்கையின் குழு அதை அடைத்திருக்கிறது. ஏற்கெனவே அப்படி இரட்டையாக விழுந்த தேதிகளைத் திறந்த உடனே சிவப்பில் காட்டும்படியும் செய்திருக்கிறார்கள். இப்போது ஆடி, கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்து மூன்றாம் நாள் முதல் முகூர்த்தம். அதற்குள் எல்லா மண்டபத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வேலை மோசமில்லை என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நாட்டுப்புறத்தனமான வேலை.

மதியச் சாப்பாட்டில் நாகேந்திரன் தானாகவே வந்து உட்கார்ந்து, அங்கையின் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் இருக்கிறார், குழந்தை எல்.கே.ஜி., இந்த வேலை போனால் இந்த ஊரில் இதற்கு ஈடாக வேறு கம்பெனி கிடையாது என்றெல்லாம் சொன்னார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது போல. எனக்குத் தூது அனுப்புகிறார்களாம். அவள் பக்கத்து மேசையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இன்று மண்டப அப்டேட் போனது. அங்கை ஓட்ட, நான் பக்கத்தில் நின்றேன். 'முடிந்தது' என்று வந்தது. பழக்க தோஷத்தில் மறுபடி எண்டர் தட்டினாள். 'ஒருமுறை போதும்' என்று வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"மேடம், அனுப்பறதுக்கு முன்னாடி பொட்டலத்தப் பிரிச்சு உள்ள எது இருக்குன்னு பாத்துக்கிறேன்."

"கட்டுனதைப் பிரிச்சுப் பாக்கறதுக்கு எதுக்கு ஒரு டூல்? ஒவ்வொரு தடவையும் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் இழுத்தடிக்கறீங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"அந்த ஒரு சோத்தையாவது பாக்க விடுங்க மேடம்."

விடவில்லை. ஒருநாள் விட்டால் தினமும் விட வேண்டும். அனுப்பச் சொன்னேன், அனுப்பினாள். வழக்கமாக மாலை வரை இழுக்கிற வேலை மதியத்துக்குள் முடிந்தது. பிறகு ஒவ்வொரு மண்டபத்துக்காரருக்கும் போன் போட்டு, "தொறந்து பாருங்க அய்யா, செவப்பு ஏதும் வந்தா ஒடனே கூப்பிடுங்க, வரலைனா நிம்மதியா இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தும் சிவப்பு என்று போன் வரவில்லை. இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ரெஜினால்டுக்கு எழுதிவிட்டேன். அப்டேட் அனுப்பும் வேலையைச் சென்னைக்கு மாற்றிவிடலாம். அங்கயற்கண்ணிக்கு ஆர்வம் உண்டு, முறையான சிந்தனை போதாது. கண்ணியமாகவே எழுதினேன். மூன்று வாரம் கேட்ட வேலையை இரண்டில் முடித்ததற்குப் பாராட்டி பதில் வந்தது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. கோயிலுக்குப் போகலாமென்று போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வழியில் ஒருவர் ஜிகர்தண்டா பற்றி விசாரித்தார்.

ஆகஸ்ட் 19, சனி

மாலை நாலு மணிக்கு நாகேந்திரன் போன் செய்தார். உசிலம்பட்டியில் ஒரு மண்டபத்தில் நாளைக்கு இரண்டு கல்யாணமாம். இரண்டு வீட்டாரும் சீர்வரிசையோடு வந்து இறங்கிவிட்டார்களாம். அவரும் அங்கையும் கிளம்புகிறார்கள், நானும் வர வேண்டுமாம். எனக்கும் மண்டபத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் போனேன்.

வாசலில் இரண்டு ஃபிளெக்ஸ் பேனர், இரண்டு ஜோடி. இரண்டு செட் அண்டா குண்டான். ஒரு மேளக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் வாத்தியத்தை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்ணின் அப்பா மண்டபத்துக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தார். அவரை விலக்கிவிட்டு மண்டபத்துக்காரர் நேராக அங்கையிடம் வந்தார்.

"ஏம்மா, செவப்பு வரலைனா நிம்மதியா இருங்கன்னு நீதான போன்ல சொன்ன? ஒரு செவப்பும் வரலையே. நிம்மதியாத்தானம்மா இருந்தேன்."

"ஆமாங்கய்யா. நாந்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கம் அவள் கை நீளவில்லை.

இரண்டு வீட்டுப் பெண்களும் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு எப்படியோ இரண்டு அப்பாக்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசி, ஒரு கல்யாணம் காலை முதல் முகூர்த்தத்தில் கீழே, மற்றது அடுத்த முகூர்த்தத்தில் மாடியில் சாப்பாட்டுக் கூடத்தில் என்று ஒத்துக்கொள்ள வைத்தாள். மாடிக்கு ஒதுக்கப்பட்ட பெண் கையில் காயாத மருதாணியோடு படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அங்கை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், பிறகு பூக்காரரைக் கூப்பிட்டு மாடியை அலங்கரிக்கச் சொன்னாள். இதெல்லாம் புரோகிராமர் செய்கிற வேலையா.

ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "நீங்க யாருக்கு வேண்டியவுகம்மா?" என்றார். வீண் பேச்சு எதற்கு என்று, "பொண்ணு வீடு" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"மாடி."

வந்தவர்கள் பசியோடு இருக்கக்கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டேன். கேசரியில் நெய் அதிகம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பதினொன்றாம் தேதி அனுப்பிய பொட்டலத்தைக் காலையில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது பழைய வெர்ஷன். ஓட்டையும் அடைபடவில்லை, சிவப்பும் கிடையாது. எல்லா மண்டபத்துக்கும் அதுதான் போயிருக்கிறது. ரெஜினால்ட் போனில் கத்தினார்: யார் அனுப்பியது? அங்கயற்கண்ணி என்றேன். அது உண்மைதானே, எண்டர் தட்டியது அவள் கைதான்.

அவள் பழையதை மாற்றி அனுப்பியிருக்கிறாள் என்று நிரூபிக்க அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பழைய பொட்டலத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, யாரும் தொடாமல், நானே முதல் தடவையாக ஓட்டினேன். 'முடிந்தது' என்று வந்தது. பிரித்தால் பழையது. அதேபோல் துடைத்து, நாகேந்திரன் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். அங்கேயும் பழையதுதான். என் லேப்டாப்பில் புதியது.

விஷயம் இவ்வளவுதான். முறம் பொட்டலத்தை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதும். எழுதி முடித்ததும் சரியான பெயருக்கு மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கும். லினக்ஸில் ஒரு ஃபைலை யார் திறந்து வைத்திருந்தாலும் பெயர் மாற்றலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். விண்டோஸில் புது ஃபைல் விழுந்த உடனே ஆன்டிவைரஸ் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது. அது கையை விடும் வரை பெயர் மாற்ற முடியாது. முறம் மாற்றச் சொல்கிறது. முடியாது என்று விண்டோஸ் தெளிவாகவே பதில் சொல்கிறது. முறம் அந்தப் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 'முடிந்தது' என்று எழுதிவிட்டுப் போகிறது. பழைய பொட்டலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவது தடவை ஓட்டினால் புதிதாக எழுத ஒன்றுமில்லை, ஆன்டிவைரஸும் கையை விட்டிருக்கும், பெயர் மட்டும் மாறி எல்லாம் சரியாகிவிடும். அந்த இரண்டாவது தடவைதான் இப்போது கிடையாது.

விண்டோஸ் சொல்லும் பதிலைக் கேட்காமல் விட்ட அந்த வரியை எழுதிய மடையர் யார் என்று பார்க்க வசதி இருக்கிறது. பார்த்தேன். பிறகு கீழே போய் டீ குடித்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

முறத்தைத் திருத்தினேன். பெயர் மாற்ற முடியாவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். அப்போதும் முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று சொல்லும். மறுபடி ஓட்ட விடாத தடையையும் 'ஒருமுறை போதும்' என்ற வாசகத்தையும் எடுத்துவிட்டேன், திரையில் இடத்தை அடைக்கிறது.

அங்கை மாற்றத்தை வரி வரியாகப் படித்தாள். அவளுக்கு இவ்வளவு வேகமாகப் படிக்க வரும் என்று தெரியாது.

"மொத தடவ கேக்கலைனா, இப்ப முறமே ரெண்டாவது தடவ பண்ணுது."

"ஆமா."

"நாங்க பண்ணா மூடநம்பிக்கை. அது பண்ணா டெக்னாலஜி. அப்படித்தான மேடம்?"

வாய்க்கொழுப்பு. ஒவ்வொரு மண்டபத்துக்கும் சரியான பொட்டலம் இன்றைக்கே போயாக வேண்டும் என்று வேறு பேச்சுக்குப் போனேன். போனது. அனுப்புமுன் பிரித்துப் பார்த்தாள். இந்தத் தடவை விட்டேன்.

மாலைக்குள் ஏழு ஊரிலிருந்து சிவப்பு வந்துவிட்டது என்று போன். அத்தனையும் வரப்போகிற தேதிகள், மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

ஆகஸ்ட் 23, புதன்

ரெஜினால்டுக்கு அறிக்கை. 'விண்டோஸ் சூழலின் எதிர்பாராத நடத்தையால் நேர்ந்த தவறு. முறத்தின் புதிய வெர்ஷனில் சரிசெய்யப்பட்டது.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

"எனக்கு இந்த டெக்னிகல் எல்லாம் வேண்டாம் கோதை. அந்த மண்டபத்துக்காரர் அவங்க சங்கம் வரைக்கும் போயிருக்கார், நான் யாராவது ஒருத்தரைக் காட்டணும். அந்தப் பொண்ணு மேல தப்பு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அறைக்கு வெளியே அங்கை யாருடனோ போனில் முகூர்த்தத் தேதி பேசிக்கொண்டிருந்தாள்.

"என் சிபாரிசு ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கே" என்றேன்.

"ஓகே. புரிஞ்சுது."

அவருக்கு என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அப்டேட் வேலை திங்கள் முதல் சென்னைக்கு, அதாவது எனக்கு. அங்கை இனி மண்டபத்துக்காரர்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் வேலை. சம்பளம் குறையும். நாகேந்திரன் என்னிடம் ஜிகர்தண்டா பற்றிப் பேசவில்லை, வேறு எதுவும் பேசவில்லை.

கிளம்பும்போது படியில் அங்கை நின்றிருந்தாள். அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அன்னைக்கு உசிலம்பட்டில, மாடி வீட்டுப் பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்கள்ல."

நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"அவங்க அப்பவும் என்னைய வஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் அந்தப் பந்திக்குப் பக்கத்துலதான் நின்னேன். பொண்ணோட அம்மா உங்க எலையில கேசரி இன்னொரு தடவ வைக்கச் சொன்னாங்க. யாரோ நம்ம சொந்தம், மொகமே வாடிக் கிடக்குன்னு சொன்னாங்க."

நான் ரயிலுக்கு நேரமாகிறது என்றேன்.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். அத்தனை நாளும் வாக்கியத்துக்கு வாக்கியம் போட்ட அந்த மேடத்தை இந்தத் தடவை போடவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், மெத்தைக் கடைப் பஞ்சு அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது.

மதுரைக்காரர்களுக்கு மரியாதை தெரியாது.

செப்டம்பர் 11, திங்கள்

சென்னை. என் மேசை, என் லினக்ஸ், நல்ல ஏசி. மதுரை மண்டபங்களுக்கு இன்று நான் அனுப்பும் முதல் அப்டேட். முறத்தை ஓட்டினேன். 'முடிந்தது' என்று வந்தது. லினக்ஸில் முதல் தடவையே கேட்கும், அதில் சந்தேகமே கிடையாது, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இன்னொரு தடவை ஓட்டினேன்.